கை வைத்துச் சொன்ன எஞ்சின்

நான் வெள்ளை தவிர வேறு நிறத்தில் சட்டை போடுவதில்லை. இரும்பு உருக்குகிற ஃபவுண்டரி வைத்திருப்பவனுக்கு இது வேண்டாத வேலை என்று என் மனைவி ராசாத்தாள் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். கரியும் மணலும் எண்ணெயும் பறக்கிற இடம்தான். ஆனாலும் காலையில் போட்ட சட்டை மாலையில் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். ஒட்டாமல் நடக்கத் தெரிந்தவனுக்கு ஒட்டாது. சட்டையைப் பற்றி எதற்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

நீங்கள் கொச்சியிலிருந்து இரண்டாவது முறையாக வந்திருக்கிறீர்கள். போன முறை துக்க வீடு என்று அதிகம் கேட்காமல் எழுந்து போனீர்கள். போலீஸ்காரர்களில் மரியாதை தெரிந்தவர். பாலக்காட்டுக்காரர் என்பதால் தமிழும் எழுதுகிறீர்கள். நீங்களே எழுதிக் கொண்டுவந்த இந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்துவிடும், யார் மேலும் குற்றம் இல்லை என்றாகிவிடும் என்றீர்கள். இரண்டு தடவை வாசித்தேன். அதில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. எந்தச் சொல் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். இடையில் காபி வேண்டுமானால் சொல்லுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் இந்தத் தொழிலை ஆரம்பித்தவர் என் அப்பா. கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின் செய்தார். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வண்டியேறுவதற்கு முன் அதை ஓடவிட்டு, வீட்டில் மூத்தவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "போலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தைதான் உத்தரவாதம். அன்னூரிலிருந்து கோபி வரைக்கும் விவசாயிகள் வந்தால் விலையைக் கேட்பதற்கு முன் "பெரியவர் கை வெச்சாச்சுங்களா" என்றுதான் கேட்பார்கள்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அப்பா கை வைத்துச் சொன்ன எஞ்சின்களில் சிலவற்றின் சக்கரத்தில் வார்ப்புக் கோளாறு இருப்பது அவருக்கே தெரியவந்தது. ஓடுகிற வேகத்தில் சக்கரம் விரிசல் விட்டால் துண்டு பறந்து ஆளைக் கொல்லும். அப்பா அன்று மத்தியானமே புறப்பட்டார். கிணறு கிணறாகப் போய், எஞ்சினை நிறுத்தச் சொல்லி, "தப்பு என்னுதுங்க, நான் சரியாப் பாக்கல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, எல்லாச் சக்கரத்தையும் மாற்றிக் கொடுத்தார். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

விழாததால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. விரிசலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு விரிசலூடு என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் விரிசலூட்டுப் பையன். என் அக்காவுக்குப் பேசி முடித்த இடத்திலிருந்து ஆள் வந்து, "இரும்புலயே விரிசல் உட்ட குடும்பம், பொண்ணுல என்ன இருக்குதோ" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அப்பா எந்த எஞ்சின்மேலும் கை வைக்கவில்லை. கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த முதல் மரியாதையும் அந்த வருஷம் வேறு வீட்டுக்குப் போனது.

அந்தப் பெயரை அழிக்க எனக்கு என் வயதில் பாதி போயிற்று. நான் கை வைத்துச் சொன்ன எஞ்சின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சந்தேகம் இருந்தால் கை வைக்க மாட்டேன்; வைத்துவிட்டால் பேச்சை மாற்ற மாட்டேன். இப்போதுள்ள ஆட்களுக்கு விரிசலூடு என்றால் யார் என்றே தெரியாது.

மோகன்குமார் என் தம்பி மகன். தம்பி காமாலையில் போனபோது அவனுக்கு நான்கு வயது. என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். படிக்க வைத்தேன், கோபியிலிருந்து கீதாவைக் கொண்டுவந்து கட்டி வைத்தேன். பம்பு செட்டை வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலையை அவன்தான் தொடங்கினான். நன்றாக நடந்தது. என் எதிரில் உட்கார்ந்து பேச மாட்டான். இதையெல்லாம் சொல்வது, அவன்மேல் எனக்கு ஏதாவது கோபம் இருந்ததா என்று போன முறை கேட்டீர்களே, அதற்காக. இல்லை. ஒருநாளும் இல்லை.

போன தை மாதம், சாப்பாட்டு நேரத்தில், கதவுப் பக்கம் நின்றுகொண்டு சொன்னான்.

"பெரிப்பா, ஒரு படகு வாங்கலாம்னு இருக்கறனுங்க."

"பரிசலா?" என்றேன்.

"இல்லீங்க. யாட். கொச்சியில ஒரு தேயிலைக் கம்பெனி வெச்சிருக்குது. வெள்ளக்காரன் காலத்துப் படகுங்க. உள்ள பெட்ரூம், சமையல்கட்டு எல்லாம் இருக்குது. வெளிநாட்டு பையருங்க வந்தாங்கன்னா ரெண்டு நாள் கடல்ல கூட்டிட்டுப் போலாம்."

ராசாத்தாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "வாங்கு கண்ணு. நொய்யல்ல தண்ணி வர்றப்ப ஓட்டிக்கலாம். அதுவரைக்கும் மாட்டுக் கொட்டாயில நிறுத்தி வெய்யி" என்றாள்.

கீதா உள்ளிருந்து சிரித்தாள். "அத்தை, அவுரு சிங்காநல்லூர் கொளத்துலயே ஓட்டுவாருங்க. சொல்லிப்போடாதீங்க."

மோகனும் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு டீசல் எஞ்சினுங்க. பழசு. என்னைய விட மூத்தது. நீங்க வந்து கை வெச்சுச் சொன்னாத்தான் வாங்குவேன்" என்றான்.

கோயமுத்தூரில் யாரிடமும் இல்லாத ஒரு பொருள் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்பது எனக்கும் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

கொச்சியில் அந்தக் கம்பெனியின் தரகர் எங்களைப் படகுத் துறைக்குக் கூட்டிப்போனார். நாணயமான மனிதர். "பழைய எஞ்சின் ஆயிற்றே, பம்பாயிலிருந்து ஒரு சர்வேயரை வரவழைத்துப் படகு முழுக்கப் பார்த்து வாங்குங்கள்" என்று அவரே சொன்னார். அந்தச் சர்வேயருக்கு என்ன வயது என்று கேட்டேன். முப்பத்தைந்து இருக்கும் என்றார். நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். மோகன் என் முகத்தைப் பார்த்தான்.

"வேண்டாங்க. பெரிப்பா கை வெச்சுட்டா அதுக்கு மேல ஆளே இல்ல" என்றான்.

படகு அழகாகத்தான் இருந்தது. நடுவில் எஞ்சின் அறை. பின்பக்கம் படுக்கையறை, கறுத்த மரத்தில் சுவர், அலமாரி, கட்டில். படகை ஓட்டுகிற நாகூர் மீரான் எஞ்சின் அறையின் மேல் பலகைகளை எல்லாம் எடுத்துத் திறந்துவைத்திருந்தான். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன. நல்ல கடற்காற்று.

நான் முறைப்படிதான் பார்த்தேன். ஆறிய எஞ்சினையே ஓடவிடச் சொன்னேன். சூடு பண்ணிவைத்த எஞ்சினைப் பார்ப்பதில் பிரயோசனமில்லை. இரண்டும் உடனே பிடித்தன. பின்னால் வந்த புகை முதலில் வெள்ளை, பிறகு நிறமில்லை. எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தேன். திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்து ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டேன். அந்தக் காலத்து வேலை வேலைதான். கடைசியில் இரண்டின்மேலும் கை வைத்து நின்றேன். மோகன் ஃபோட்டோ எடுத்தான்.

"போலாம்" என்றேன்.

மோகன் குனிந்து என் காலைத் தொட்டான். தரகரும் கை கொடுத்தார். அதற்கப்புறம் படகைச் சுற்றிப் பார்த்தோம். படுக்கையறையில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு பெரிய படகு போனது. அலையில் எங்கள் படகு ஆடியதால் நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் லாட்ஜில் சட்டையைக் கழற்றினபோது இடது தோளில் கரி இருந்தது. உள்ளங்கை அகலம். எண்ணெய்க் கரி இல்லை. விரலில் தொட்டால் மாவு போல வந்தது. உலர்ந்த புகைக்கரி.

எஞ்சின் அறையில் நான் எதிலும் சாயவில்லை. சாய்ந்தது ஒரே இடத்தில். அந்தப் படுக்கையறைச் சுவரில், கட்டிலுக்கு மேலே. மரம் கறுப்பாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. சட்டை வெள்ளையாக இருந்ததால் தெரிந்தது. லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சினின் புகைக்குழாய் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் படகின் பின்பக்கத்துக்குப் போகிறது. குழாய் எங்கோ அரித்துப் போயிருக்கிறது. புகை பலகை இடுக்கு வழியாக அறைக்குள் வருகிறது. இன்று நேற்றல்ல, பல காலமாக வருகிறது. எல்லாம் திறந்துகிடந்ததால் காற்றில் போய்விட்டது.

நான் வாழ்நாளெல்லாம் எஞ்சின் பார்த்த இடம் மோட்டார் ரூம். நாலு பக்கமும் காற்றுப் போகிற சந்து. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் ஒரு ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டுப் போவோம். எங்கள் ஊரில் எஞ்சினுக்குப் பக்கத்தில் யாரும் கட்டில் போட்டுப் படுப்பதில்லை. அதனால் எனக்குக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இதை நான் உங்களுக்கு விளக்கமாகச் சொல்கிறேன், சாக்காக அல்ல.

எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. மோகன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "சர்வேயரா? எதுக்கு? பெரிப்பா கை வெச்சுட்டாங்கல்ல" என்று சொல்லிச் சிரித்தான். நான் திரும்பி வந்து, குளியலறையில் சட்டையைச் சோப்புப் போட்டு நானே துவைத்தேன். என் சட்டையை நானே துவைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். ஊருக்கு வந்ததும் ராசாத்தாள் ஈரச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து, "ஏனுங்க, நீங்களேவா தொவச்சீங்க" என்று கேட்டாள். காபி கொட்டிவிட்டது என்றேன்.

முதலில் எனக்குப் பெரிய கவலை இல்லை. படகு ஓடும்போதுதான் எஞ்சின் ஓடும். ஓடுகிற படகில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க மாட்டார்கள். படகு நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். பிறகுதானே தூங்கப் போகிறார்கள். காற்று இருக்கிறவரை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டேன். சமயம் பார்த்து, குழாய் பழசாக இருக்கிறது, மாற்றிவிடு என்று போகிற போக்கில் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன்.

சமயம் வந்தது. வந்தபடியே இருந்தது. ஒருநாள் அவன் அலுவலகத்துக்கே போனேன். சுவரில் அந்த ஃபோட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தான். எஞ்சின்மேல் கை வைத்தபடி நான். வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோகன் எழுந்து நின்று என்னை அவர்களுக்குக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவர்கள் எழுந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள், உள்ளங்கையை. நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஃபோர்மேன் தனபாலை அனுப்பிக் குழாயை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருப்பான். வெளியே ஒரு வார்த்தை பேசவும் மாட்டான். ஆனால் பழைய குழாயைக் கையில் எடுத்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்கும். அதன்பிறகு நான் ஒவ்வொரு எஞ்சின்மேலும் கை வைக்கும்போது அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான்.

பங்குனி மாதத்தில் மோகன் அந்த வேலையைச் செய்தான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் இருக்கிறபடி விட மாட்டார்கள். ஒரு பெல்ட்டைப் போட்டு இன்னொன்றை இழுக்க வைப்பார்கள். பழைய பஸ்ஸிலிருந்து ஏசி கம்ப்ரசரை எடுத்து, படகின் இடதுபக்க எஞ்சினில் பெல்ட் மாட்டி ஓட வைத்திருந்தான். அதைச் சொல்ல ஓடிவந்தான்.

"ராத்திரி பூரா ஒரு எஞ்சின் மெதுவா ஓடிட்டே இருக்குமுங்க பெரிப்பா. கதவச் சாத்திட்டா ரூமு ஊட்டி மாதிரி இருக்கும். சித்திரைல பாப்பாவுக்கு லீவு உட்டதும் மூணு பேரும் போய்ப் படுத்துத் தூங்கறோம்."

அவன் பேசி முடிக்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எப்படி நடக்கும், எத்தனை பேர், எந்த அறை. இப்போது நீங்கள் எழுதி வைத்திருப்பதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். என் அப்பா கிணற்று மேட்டில் நின்று "தப்பு என்னுதுங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நானும் கூடப் போயிருந்தேன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. ஒரு கிணற்றில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அதைக் கேட்டுவிட்டு, காறித் துப்பினான். அதைப் பார்த்த கண் இது. மோகனிடம், "பெல்ட்டு டைட்டா இருக்குதா பாத்துக்க" என்றேன்.

அதற்கப்புறம் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிக் கொச்சிக்குப் போனேன். குழாயில் சுற்றுகிற ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, சிமெண்ட், ஒரு ஸ்பேனர் எல்லாம் பையில் வைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நானே ஓட்டையை அடைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். எழுபது வயதுக்காரன் படகின் அடித்தட்டுக்குள் தவழ்ந்து போவது எப்படி என்று யோசிக்கவில்லை. துறையில் இறங்கினதும் நாகூர் மீரான் எதிரில் வந்துவிட்டான்.

"வாங்க ஐயா. எஞ்சின்ல ஏதும் கோளாறா?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் போதும்.

"கோளாறா? நான் பார்த்த எஞ்சின்ல என்ன கோளாறு" என்றேன். "குருவாயூர் போயிட்டு வந்தேன். அப்படியே பார்த்துட்டுப் போலாம்னு."

அவன் இளநீர் வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். அதனால்தான் நீங்கள் இரண்டாவது முறை வந்தீர்கள். வயதானவர், அக்கறையாகப் போய்ப் பார்த்திருக்கிறார் என்று நீங்களே ஒரு விளக்கத்தையும் எழுதிவிட்டீர்கள். அந்தக் கயிறும் சிமெண்டும் கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கின்றன.

பயணத்துக்கு நாள் குறித்தார்கள். கீதா துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "ராத்திரில ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கங்கம்மணி" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

"ஏசியப் போட்டுட்டு ஜன்னலத் தொறந்தா, கடலுக்குத்தானுங்க மாமா சில்லுன்னு இருக்கும்" என்று கீதா சிரித்தாள். நல்ல பெண். அவள் ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்னை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான்தான் அப்படிப் பழக்கினேன்.

சண்முகப்பிரியா அவர்கள் மகள். ஏழு வயது. என்னைத் தாத்தா முறையில் அப்பாரு என்று கூப்பிடுவாள். அந்த வாரம்தான் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் நோன்பு சாட்டித் திருவிழாவை ஆரம்பித்திருந்தார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கையில் காப்புக் கட்டினவர்கள் நோன்பு முடிகிறவரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து அவள் கையில் காப்புக் கட்டிவிட்டேன். இந்த வருஷம் தீர்த்தக்குடம் எடுக்கப் போகிறாள் என்று பூசாரியிடம் சொன்னேன்.

குழந்தை அழுதாள். கீதாவுக்கு வருத்தம்தான். மோகன், "பெரிப்பா கட்டிட்டாங்க, அப்பறம் என்ன. பாப்பா அடுத்த வாட்டி வரட்டும்" என்றான். போகும்போது இருவரும் என் காலில் விழுந்தார்கள். நான் திருநீறு பூசி அனுப்பினேன். கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன். டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தக் கையைத் தூக்கினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து மோகனும் கையை ஆட்டினான்.

இரண்டு நாள் கழித்துத் தீர்த்தக்குடம். எங்கள் குடும்பத்துக்கு முதல் மரியாதை மறுபடி கிடைத்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. கோயில் வாசலில் என்னை நிறுத்தித் தலையில் பரிவட்டம் கட்ட ஆரம்பித்தார்கள். குழந்தை என் பக்கத்தில் சின்னக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தனபால் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் வந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரை இல்லை. தனபால் வாயைத் திறக்கும்போது நான் கையைக் காட்டி, "இப்ப சொல்லாதே" என்றேன். அவன் நின்றான். துணியை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். மாலை போட்டார்கள். மேளம் அடித்து முடித்தார்கள். தனபால் அழுதுகொண்டே நின்றான். பிறகு நான் பரிவட்டத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, "சொல்லு" என்றேன்.

என்ன சொல்லப் போகிறான் என்று தெரியாமல் எந்த மனிதனும் அப்படிச் செய்ய மாட்டான். தனபால் இப்போதும் என்னிடம் பேசுகிறான், ஆனால் அன்றிலிருந்து முகத்தைப் பார்ப்பதில்லை.

படுக்கையறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, நாகூர் மீரான் உடைத்துத் திறந்தான், இருவரும் தூங்கின மேனிக்கே கிடந்தார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். முகம் நல்ல நிறமாக இருந்தது, எழுப்பினால் எழுந்துவிடுவார்கள் போல இருந்தது என்று மீரானும் சொன்னான். அந்தப் புகையில் போனால் அப்படித்தான் இருக்கும். வலி தெரியாது. மேல்தளத்தில் படுத்திருந்த மீரானுக்கு ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. அவன்மேல் எதையும் எழுதாமல் விட்டது சரி.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "படகு எஞ்சின்களைப் பற்றிப் போதிய அனுபவம் இல்லாத முதியவனாகிய நான், புகைக்குழாயில் இருந்த குறை தெரியாமல், எஞ்சின்கள் நன்றாக இருப்பதாகக் கூறிவிட்டேன்." என்மேல் இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். ராசாத்தாளும் இதையே சொல்கிறாள். "வயசாயிருச்சு, கண்ணுக்குத் தெரியல, உடுங்க. கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். போன வாரம் கீதாவின் அப்பா கோபியிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உடுவீங்களாங்க சம்பந்தி. ஏதோ தெரியாமப் போச்சு" என்று அழுதார். வெளியே திண்ணையோரம் நின்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மெல்லச் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"விரிசலூடுன்னு எங்கய்யன் சொல்லும். இவுங்கதான் போல."

அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. பிள்ளைகள் போன அன்றுகூட ராசாத்தாள் கட்டாயப்படுத்தி இரண்டு வாய் ஊட்டினாள்.

ஆகவே தெரியாதவன் என்ற பெயரோடு இதில் நான் கையெழுத்துப் போட முடியாது. "தெரியாமல்" என்பதை அடித்துவிடுங்கள். "தெரிந்தே" என்று எழுதுங்கள். ஆதாரம் வேண்டுமென்றால் அந்தச் சட்டை அலமாரியில் இருக்கிறது. கரி முழுக்கப் போகவில்லை, தோளில் நிழல் போலத் தெரியும். கட்டிலுக்கடியில் பை இருக்கிறது. அதுவும் போதாதென்றால் உள்ளே போய்க் குழந்தையின் கையைப் பாருங்கள். சாவு விழுந்த வீடு என்பதால் நோன்பு முடித்துக் காப்பு அவிழ்க்க யாரும் வரவில்லை. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும், நான் அவிழ்க்கவில்லை. வேப்பிலை உதிர்ந்து துணி மட்டும் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் போவதாக இருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் கட்டினேன். மற்ற இருவருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். மூன்று பேரையும் நிறுத்தியிருந்தால் மோகன் ஒருவேளை ஏன் என்று கேட்டிருப்பான்.

என்ன தண்டனையோ கொடுங்கள். அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு இப்போது உங்கள் வசம்தான் இருக்கிறது. எந்த ஊர் சர்வேயரை வேண்டுமானாலும் கூட்டிவந்து பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்தான் ஓட்டை. எஞ்சின் இரண்டும் நான் சொன்னபடிதான் இருக்கும்.